இதழ் நடத்திப் பொருளீட்டல்

நல்ல எழுத்திருந்தால் இதழ் தானே விலைபோகும் என்று எண்ணியிருந்தேன். நண்பர்களோடு நடத்திய சிற்றிதழ் மூன்றாம் இதழோடு நின்ற பிறகே 'ஆனந்த விகடன்' வரலாற்றைக் கூர்ந்து படித்தேன்.

1926-இல் பூதூர் வைத்தியநாதையர் தொடங்கிய அவ்விதழ் பணமுடையால் தடுமாறியது. 1928-இல் அதனை 200 ரூபாய்க்கு வாங்கிய எஸ்.எஸ். வாசன் விளம்பரம் திரட்டும் தொழிலில் இருந்தவர். வாசகர் பெருகினால் விளம்பரம் வரும்; விளம்பரம் வந்தால் குறைந்த விலையில் மேலும் வாசகரைப் பெறலாம் என்பது அத்தொழிலின் பாடம். நகைச்சுவை வாசகரை ஈர்த்தது; கல்கியும் ஆசிரியராக வந்து சேர்ந்தார். (கல்கி எல்லார்க்கும் வாய்ப்பாரா என்பது வேறு!)

எங்களுக்கோ சந்தாத் தொகை தாள்விலைக்கே போதவில்லை. உள்ளூர்ச் சைக்கிள் கடைக்காரர் ஒருவர் விளம்பரம் தர முன்வந்தார். இலக்கியத்திற்கு இழுக்கு என்று நான்தான் மறுத்தேன்.