பனிமலைப் பள்ளி

பரளச்சியின் கரிசல் வெளியிலே சிறார் சடுகுடு ஆடுங்கால், நடக்கவியலாத சிறுவன் ஒருவன் வேப்பமர நிழலில் அமர்ந்து நோக்குவானாயின், அவனுக்குற்ற குறை கால் மட்டுமன்று. ஏற்ற கருவியும் துணையும் இல்லாமையே பெருங்குறையாம். இவ்வுண்மையை விளக்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், விண்டர் பார்க் என்னுமிடத்தில் உறைபனி மூடிய மலைச்சரிவுகள் உள்ளன. காலிற் பலகை பூட்டி அவற்றிற் சறுக்கி ஓடுதல் அந்நாட்டார் விளையாட்டு. 1970-ஆம் ஆண்டு, டென்வர் நகரக் குழந்தைகள் மருத்துவமனையைச் சார்ந்த, உறுப்பிழந்த சிறார் 23 பேர்க்கு அதனைக் கற்பிக்க ஹால் ஓலியரி என்பார் முன்வந்தார். ஒருமுறைப் பாடமாகத் தொடங்கியது நிலையான பயிற்சிப் பள்ளியாயிற்று. ஊதியம் கருதாத தொண்டர் பலர் அதனைத் தாங்கினர்.

ஒற்றைக் காலுடையான் ஒரு பலகைமேல் நிற்பான். அவன் ஊன்றும் இரு கோல்களின் நுனியிலும் சிறு பலகைகள் இருக்கும். அவன் சென்ற வழியில் மூன்று சுவடுகள் பதியும். நிற்கவியலாதவன் பலகைமேற் பொருத்திய இருக்கையில் அமர்வான். தொண்டர் பின்னின்று கயிறு பற்றி வேகத்தை அடக்குவார். பார்வையற்றவன் வழிகாட்டியின் குரலைச் செவிகொண்டு செல்வான்.

கரிசற் காட்டில் உறைபனி இல்லை. எனினும், கயிறு பற்றும் கையும் வழிகாட்டும் குரலும் எந்நாட்டிலும் உண்டு. மாணவர்களே! ஆடப் புகுமுன் நிழலில் இருப்பவனை அழையுங்கள். அவனும் ஆடுமாறு ஆட்டத்தை அமையுங்கள்.