தீக்கு இரையாகாத ஏடுகள்

அன்புள்ள தம்பிக்கு,

அமெரிக்காவின் லோவெல் நகரத்துப் பஞ்சாலைகளில் உழைத்த அயர்லாந்துக் குடும்பமொன்றின் பூர்வீகத்தைத் தேடப் புகுந்த நீ, 1922-இல் டப்ளின் ஆவணக் களரி எரிந்துபோனமையால் அம்முயற்சியே வீண் என்று எவரோ சொன்னதை நம்பிச் சோர்ந்திருக்கிறாய். ஆராயாமல் பலரும் வழங்கிவரும் இந்த அபிப்பிராயம் எனக்குச் சினமூட்டுவது. 1821 முதல் 1851 வரையிலான குடிக்கணக்குகளில் பெரும்பகுதி அத்தீயில் அழிந்தது மெய்யே. ஆனால் 1861, 1871 கணக்குகளை அதற்கு வெகுகாலம் முன்பே அரசாங்கமே அழித்துவிட்டது. 1881, 1891 கணக்குகள் முதல் உலக யுத்த காலத்தில் காகிதக் கூழாயின. கத்தோலிக்கரின் ஞானஸ்நான, விவாகப் பதிவேடுகளோ பங்குக் குருமாரின் பொறுப்பிலேயே இருந்தபடியால் தப்பிப் பிழைத்தன. எந்தப் பங்கு என்று அறியாமையே உன் தடை, தீயன்று.

அதை அமெரிக்கக் கணக்கு உனக்குச் சொல்லாது. வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயரையும் முதன்முதலாக எழுதிய 1850-ஆம் ஆண்டுக் கணக்கும், பிறந்த இடம் அயர்லாந்து என்பதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

காலத்தையும் குழப்பிக்கொள்ளாதே. 1822-இல் ஹியூ கமிஸ்கியின் தலைமையில் வந்த அயர்லாந்தியர் லோவெலில் வெட்டியது கால்வாய்; ஆலைவேலைக்கு அவர்கள் வரவில்லை. டிக்கன்ஸின் அமெரிக்கப் பிரயாண நூலை விரும்பிப் படிப்பவன் நான். ஆயினும் 1842-இல் லோவெலில் அவர் கண்டு வியந்தவர்கள் பெரும்பாலும் நியூ இங்கிலாந்துக் குடியானவர் வீட்டுப் பெண்களே என்பதை மறந்து, அவ்வருணனையை அயர்லாந்தியர் வாழ்வுக்குச் சான்றாகக் காட்டுவோரை என்னால் பொறுக்க இயலவில்லை. உருளைக்கிழங்குப் பஞ்சம் துரத்த, 1845-க்குப் பின் கடல் கடந்தவர்களே திரள்திரளாக ஆலைக்குள் புகுந்தனர்.

இனி நான் சொல்லுவதைக் கவனமாகக் கேள். பாஸ்டன் நகரத்துக் கத்தோலிக்கப் பத்திரிகையாகிய 'பைலட்', 1831 முதல் 1921 வரை, காணாமற்போன உற்றாரைத் தேடும் விளம்பரங்களை வெளியிட்டது. தம்பியைத் தேடும் தமக்கையும், கணவனைத் தேடும் மனைவியும், இன்ன கவுண்டி, இன்ன பங்கு, இன்ன சிற்றூர், இன்ன துறைமுகத்தில் ஏறியவர், கடைசியாக இன்ன ஊரில் இருந்ததாகக் கேள்வி என்று எழுதினார்கள். எந்த அதிகாரியும் கேட்டறியாத விவரங்களைப் பாசம் தானாகவே அச்சேற்றிவிட்டது. அவற்றைப் படிக்கத் தொடங்கினால் எனக்கு ஆராய்ச்சி மறந்து மனம் கனத்துவிடுகிறது. இரவு நெடுநேரமாயினும் ஏட்டை மூட மனம் வருவதில்லை.

உன் குடும்பத்தின் பெயர் அங்கே அகப்படாமற்போனால் நிறுத்திவிடாதே. ஒருவனைத் தேடுமுன் அவன் அயலானைத் தேடு என்பது என் உறுதியான கொள்கை. அயர்லாந்தியர் தனித்தனியே சென்றவரல்லர்; ஒருவர் சென்று உறவினரையும் ஊராரையும் ஒவ்வொருவராக வரவழைத்தார்கள். ஆகவே 1831-இல் எழுந்த லோவெல் புனித பாட்ரிக் ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவில், குழந்தையின் தாய்தந்தையரோடு நின்றுவிடாமல், ஞானத்தந்தையின் பெயரையும் ஞானத்தாயின் பெயரையும் எழுதிக்கொள். அவர்கள் பெரும்பாலும் சொந்த ஊராராகவோ உறவினராகவோ இருப்பர். அப்பெயர்களைப் பைலட்டில் தேடு. பங்கு தெரிந்தபின், 1847-க்கும் 1864-க்கும் இடையில் வெளியான கிரிஃபித்தின் நிலமதிப்பீட்டைப் புரட்டு. உன் மனிதர் அதற்குள் கப்பலேறியிருந்தாலும், ஊரிலேயே தங்கிவிட்ட தமையனோ தந்தையோ அதில் இருக்கக்கூடும். அயர்லாந்தின் மேற்குப் பகுதிப் பங்குகள் பலவற்றில் பதிவேடுகள் பிந்தியே தொடங்கினமையால், அங்கே இம்மதிப்பீடே உனக்குத் துணை.

ஞானத்தந்தையின் பெயர் கிடைத்தவுடன் எழுது.

அன்புடன்,
உன் ஆசிரியன்