முதுகுப்பூட்டுக் கத்தியைச் செப்பனிடுதல்

மடக்குக்கத்திகள் பல வகையின. அவற்றுள், விரித்த அலகு தானே மடங்கி விரலை அறுத்துவிடாதபடி பிடியின் முதுகிலேயே ஒரு பூட்டு அமையப்பெற்றதனை முதுகுப்பூட்டுக் கத்தி என்று ஈண்டு வழங்குவோம். நெடுநாட் கிடந்து துருவும் களிம்பும் ஏறிய அத்தகைய கத்தியைச் செப்பனிடுமாறு யாங்ஙனம் என்பதே இக்கட்டுரையிற் கூறப்புகுவது. தமிழ் பயில்வார்க்குக் கொல்லுலையில் என்ன வேலை என நண்பர் சிலர் நகைப்பர். நகைக்க. பழையதொன்றைக் கையிலெடுத்தார் எவரும் எதனைத் திருத்துவது, எதனைத் தொடாது விடுவது என்று வினவியே தீர்தல் வேண்டும். அது சுவடியாயினும் கத்தியாயினும் ஒக்கும்.

இவ்வகைப் பூட்டு 19ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தின் ஷெவ்பீல்டு நகரத்தார் அறிந்ததே. எனினும் அதனை எங்கும் பரப்பியது, அமெரிக்க நாட்டுப் பக் குடும்பத்தார் 1964ஆம் ஆண்டில் வெளியிட்ட 110 என்னும் எண்ணுடைய கத்தியாகும். அக்குடும்பத்து ஹாய்ட் பக் என்பார் கான்சஸ் மாநிலத்தில் இளமையிலேயே கொல்லுத்தொழில் பயின்று, எஃகிற்குப் பதமேற்றுவதிற் பெயர்பெற்றவர். அவர் மகனார் ஆல் பக் காலத்திற் கலிபோர்னியா மாநிலத்துச் சான் டியாகோ நகரில் இக்கத்தி பிறந்தது. அலகின் நீளம் மூன்றேமுக்கால் அங்குலம். பிடியின் இரு முனையும் பித்தளை. நடுவே பதித்தது மரம். எடை ஏறக்குறைய 200 கிராம். நீண்ட உறைக்கத்தியைச் சுமந்து காடு திரிந்த வேட்டைக்காரர்க்கு, அதன் உறுதி குன்றாமலே கையடக்கமாய் மடங்கும் கத்தி கிடைத்தமை பெரும் பேறாயிற்று. இன்றும் அது செய்யப்பட்டு வருகின்றது. தொழிற்சாலை மட்டும் 2005ஆம் ஆண்டில் ஐடஹோ மாநிலத்துப் போஸ்ட் பால்ஸ் என்னும் ஊருக்கு மாறிற்று.

பூட்டின் இயல்பை அறியாது கத்தியிற் கைவைத்தல் ஆகாது. அலகின் அடிப்பகுதியில், வெளியே தோன்றாதபடி, ஒரு பள்ளம் வெட்டப்பட்டுளது. பிடியின் முதுகு நெடுகக் கிடக்கும் எஃகுத் துண்டொன்று, நடுவே ஓர் ஆணியிற் கோக்கப்பட்டு, கிணற்றேற்றத்தின் துலாவைப்போல அசையும். அதன் பின்முனையை ஒரு வில் கீழிருந்து மேலே உந்தும். உந்தவே முன்முனை தாழும். அலகு முற்றும் விரிந்த கணத்திற் பள்ளம் நேரே வந்து நிற்க, முன்முனையிலுள்ள பல் அதனுள் டக்கென்று விழுந்து இறுகும். பின்முனையைப் பெருவிரலால் அழுத்தினாலன்றி அலகு மடங்காது. இவ்வளவே பூட்டு. ஆயினும், பணிசெய்வான் விரல் ஐந்தும் அச்சிறு பல்லின் பொறுப்பிலேயே உள்ளன.

ஆதலின் முதலிற் சோதிக்கத்தக்கது பூட்டே, துருவன்று. அலகை விரித்து, விரல்களை அதன் வழியினின்று விலக்கிப் பிடித்துக்கொண்டு, அலகின் முதுகை ஒரு மரப்பலகையில் மெல்ல அழுத்துக. மடங்கினால், பூட்டுத் தேய்ந்தது என்று உடனே முடிவுகட்டுதல் வேண்டா. எம் கைக்கு வந்த கத்தியொன்று பூட்டே இல்லாததுபோல மடங்கிற்று. பார்த்தபோது, சட்டைப்பையின் பஞ்சும் பழைய எண்ணெயும் கலந்து அப்பள்ளத்தினுட் களிமண்போல இறுகிக் கிடந்தன. மூங்கிற்குச்சியின் முனையைச் சீவி அவ்வழுக்கைக் கிளறியெடுத்து, இளவெந்நீரிற் சவர்க்காரம் கலந்து பழைய பல்துலக்கியால் தேய்த்து, ஈரம் அறத் துடைத்து விரித்தோம். நெடுநாள் வாளாவிருந்த பூட்டு டக்கென்று பேசிற்று! மரம் நீரில் ஊறினால் உப்பிப் பிளக்குமாதலின் கத்தியை முழுதும் நீரில் அமிழ்த்தலாகாது.

அழுக்கு நீங்கியும் பல் நில்லாதாயின் அது மெய்யாகவே தேய்ந்ததாகும். அப்போது அரமெடுத்து அப்பல்லை ராவித் திருத்த முயல்வார் உளர். அது பெருந்தீங்கு. மயிரிழை குறைந்தாலும் பல்லும் பள்ளமும் பொருந்தா. ஆணிகள் அடித்து இறுக்கப்பட்டனவாதலின் வீட்டிற் கழற்றிப் பூட்டவும் இயலாது. தொழிலறிந்தாரிடம் கொடுக்க, அன்றேல் அதனைக் காட்சிப்பொருளாகப் பேழையில் வைக்க.

பூட்டில் இத்துணைக் கண்டிப்பு வேண்டும் யாம், ஏனையவற்றில் அத்துணை கடிந்துரையோம். பழைய 110இன் அலகு 440சி என்னும் எஃகாற் செய்யப்பட்டது; அதில் 16 முதல் 18 விழுக்காடு குரோமியம் உண்மையின் எளிதில் துருவேறாது. ஏறிய செந்துருவை எண்ணெய் தோய்த்த மெல்லிய எஃகுக்கம்பளியால் ஒற்றித் தேய்த்தால் நீங்கும். கரிய கறையும் பழங்கீறலும் கிடக்கட்டும். பித்தளைக்கு நம் இல்லத்து மகளிர் புளியிட்டு விளக்குவரன்றோ? குத்துவிளக்கிற்கு அது தகும், கத்திக்குத் தகாது. புளிநீர் இடுக்கிற் புகுந்து எஃகு வில்லை அரிக்கும். உலர்ந்த துணியும் சிறிது பித்தளை மெருகுப்பசையுமே போதும்.

மின்சாரச் சக்கரத்தில் இட்டுக் கண்ணாடிபோல் ஆக்குவாரைக் காணுந்தோறும் எமக்கு வருத்தமே. அலகின் அடியிற் பொறித்த பெயரும் எண்ணும் அதனால் அழிந்துபோம். கத்தியின் காலத்தை உணர்த்துவன அவையே. 1986ஆம் ஆண்டுமுதல் ஆண்டுக்கொரு குறியும் அவ்விடத்திற் பொறிக்கப்படுகின்றது. புறநானூற்றில் 267, 268 ஆம் செய்யுட்கள் கிடைத்தில. 1894இல் அந்நூலை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர் அவ்விடத்தைத் தாமே பாடி நிரப்பினாரல்லர். கையில் எழுத்தாணி உடையார்க்கே அத்துணை அடக்கம் வேண்டுமெனின், சக்கரம் உடையார்க்கு எத்துணை வேண்டும்!

அச்சக்கரத்தால் வேறொரு கேடும் உண்டு. விரல் பொறாத வெப்பம் விளிம்பில் ஏறவிட்டால் ஹாய்ட் பக்கும் அவர் வழியினரும் போற்றிய பதம் கெட்டு, எஃகு மென்மையுறும். பிறகு எத்துணைத் தீட்டினும் கூர் நில்லாது. சாணைக்கல்லே நன்று. பக்கத்திற்கு ஏறக்குறைய 20 பாகை சாய்த்து, ஒரு பக்கத்தைத் தீட்டத் தீட்ட மறுபக்க விளிம்பிற் கம்பிபோன்ற பிசிறு நெடுகத் தட்டுப்படும். அப்போது திருப்பித் தீட்டுக. பின்னர் நுண்கல்லிலும் தோல்வாரிலும் இழுத்தால் பிசிறு உதிரும். இதற்கு ஒரு மாலைப்பொழுது செல்லும்; விரைவார் வேறு தொழில் பார்க்க.

மரத்திற்கு ஆளிவிதை எண்ணெய் ஒரு துளி. அது காய்ந்து படலமாகும். அதனாலேயே மூட்டிற்கு அதனை இடலாகாது. அங்கே தையல் இயந்திர எண்ணெயே ஏற்றது. தேங்காயெண்ணெய் குளிரில் உறைந்து பூட்டை மந்தமாக்கும். செப்பனிட்ட கத்தியைத் தோலுறையினுள் இட்டு வைத்தால் தோல் ஈரத்தை இழுத்துப் பித்தளையிற் பச்சைக்களிம்பு ஏற்றும். எண்ணெய் தடவிய துணியிற் சுற்றி வைக்க. உறையையும் எறிந்துவிடாது அதனருகே தனியே வைக்க.