நிரல் எழுதக் கற்போருக்கு நல்ல நூலும் நல்ல கருவியும்

ரப்பர் மரத்தில் பால் எடுக்கும் முறை சிங்கப்பூரில் சோதித்துத் தேர்ந்த முறை என்பது, தோட்டப்புற மக்களில் பலர் அறியாத செய்தியாகும். 1877-ஆம் ஆண்டில் இலண்டனை அடுத்த கியூ தாவரத் தோட்டத்திலிருந்து 22 ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்திற்கு வந்து சேர்ந்தன. 1888-இல் அத்தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி என்பார், மரத்திற்குக் கேடு நேராவண்ணம் பட்டையை மெல்லியதாகச் சீவிப் பால் வடிக்கும் முறையைப் பல ஆண்டுகள் சோதித்துக் கண்டறிந்தார். கண்டதைத் தம்மிடமே வைத்துக்கொள்ளாமல், கேட்டவருக்கும் கேளாதவருக்கும் எடுத்துச் சொன்னார். அந்த அறிவே பின்னர் நம் முன்னோரின் கைத்தொழிலாயிற்று.

இன்று அதே சிங்கப்பூர் வேறொரு தொழிலுக்கும் பெயர் பெற்று விளங்குகிறது. அது மென்பொருள் ஆக்கும் தொழில். கணினி இன்ன வேலையை இன்ன முறையில் செய்ய வேண்டும் என்று வரிவரியாக எழுதித் தரும் கட்டளைகளையே நிரல் என்கிறோம். கைப்பேசி வழியே நாம் பணம் அனுப்புவதும், பேருந்து வரும் நேரத்தை அறிவதும் இத்தகைய நிரல்களாலேயே நடைபெறுகின்றன. பாலம் கடந்து வேலைக்குச் செல்லும் நம் இளைஞருள் சிலரும், தோட்டப் பள்ளிகளில் பயின்று மேலே படிக்கும் நம் பிள்ளைகளும் இத்தொழிலைக் கற்க விரும்புகின்றனர். எந்த நூலைப் படிப்பது, எந்தக் கருவியை வாங்குவது, எவ்வளவு செலவாகும் என்பன அவர்களுடைய கேள்விகள். இவற்றிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழாசிரியர் காட்டிய வழி

கணினி அறிவு பொறியியல் படித்தோருக்கே உரியது என்று எண்ணுவது தவறு. சிங்கப்பூரின் சிறுகதை எழுத்தாளர் நா. கோவிந்தசாமி ஒரு தமிழாசிரியர். பின்னர் தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராகப் பணியாற்றியவர். தமிழ் எழுத்துகளைக் கணினியில் ஏற்ற வேண்டும் என்னும் ஆவலால் அவர் தாமே முயன்று கற்று, ‘கணியன்’ என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். 1995-இல் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகள் இணையத்தில் ஏறியபோது, தமிழும் அவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது. அம்முயற்சியில் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் டான் டின் வீ அவருக்குத் துணை நின்றார். 1997 மே மாதத்தில் சிங்கப்பூரில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாடு, உலகெங்கும் தனித்தனியே உழைத்த தமிழ்க் கணினி அறிஞர்களை ஒன்றுகூட்டியது. 1985-இல் தொடங்கி ‘முரசு’ மென்பொருளை வளர்த்துவரும் முத்து நெடுமாறன் மலேசியாவைச் சேர்ந்தவர் என்பதும் நாம் பெருமையுடன் நினைக்கத்தக்கது. தேவை ஒன்றை மனத்திற் கொண்டு கற்பவர் விரைந்து கற்பர் என்பதே இவர்கள் வாழ்வு தரும் பாடம்.

நூல்கள் கிடைக்கும் இடம்

ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்கா வட்டாரத்திற்குச் சென்று சிராங்கூன் சாலையில் பொருள் வாங்கித் திரும்புவோர் நம்மில் பலர். அவ்வட்டாரத்திலிருந்து இரயிலில் இரண்டே நிறுத்தங்கள் கடந்தால் பூகிஸ் நிலையம் வரும். அதன் அருகே விக்டோரியா சாலையில் 2005-இல் திறக்கப்பட்ட தேசிய நூலகம் 16 மாடிகளுடன் எழுந்து நிற்கிறது. அதன் உள்ளே அமர்ந்து படிக்கக் கட்டணம் இல்லை. உறுப்பினர் அட்டையும் தேவையில்லை. நூலை வெளியே எடுத்துச் செல்லவே அட்டை வேண்டும். மேல் மாடிகளில் உள்ள லீ கோங் சியான் மேற்கோள் நூலகத்தின் நூல்களை அங்கேயே இருந்து படிக்க வேண்டும். அண்மையிலுள்ள பிராஸ் பசா கட்டடத்தில் பழைய நூல் விற்கும் கடைகளும் உண்டு.

இணையத்திலும் கட்டணமில்லாப் பாடங்கள் நிரம்பக் கிடைக்கின்றன. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் ‘சி.எஸ்.50’ என்னும் தொடக்கப் பாடத்தைப் பயிற்சிகளுடன் எவரும் கற்கும்படி அளிக்கிறது. இந்தியாவின் ஐ.ஐ.டி. கழகங்கள் ‘என்.பி.டி.இ.எல்.’ வழியாக விரிவுரைகளை வழங்குகின்றன. ஆங்கிலத்தில் தொடங்கத் தயங்குவோர், 2012 முதல் வெளிவரும் ‘கணியம்’ மின்னிதழையும், அக்குழுவினர் எளிய தமிழில் இலவசமாக வெளியிட்டுள்ள நூல்களையும் முதலிற் படிக்கலாம். தமிழில் கருத்தைப் புரிந்துகொண்டபின் ஆங்கில நூலை எடுத்தால், புதிய சொற்கள் அச்சுறுத்தா.

நல்ல நூலை அறிவது எப்படி?

நூல்கள் மிகுதியாக இருப்பதே இன்று தொல்லையாகிவிட்டது. ஆகவே மூன்று சோதனைகளை மனத்தில் இருத்துக.

முதலாவது, வெளியான ஆண்டு. பைத்தான் என்னும் நிரல் மொழி 1991-இல் வெளிவந்தது, கற்பதற்கு எளியது. அதன் இரண்டாம் பதிப்பிற்கான ஆதரவு 2020 ஜனவரி முதல் நாளோடு நிறுத்தப்பட்டது. பழைய நூற்கடையில் அம்மொழி நூலைக் கண்டால், ‘பிரிண்ட்’ என்னும் கட்டளையைத் தேடிப் பாருங்கள். அதன்பின் அடைப்புக்குறி இல்லையெனில், அது பழைய பதிப்பைக் கற்பிக்கும் நூல். மலிவாகக் கிடைத்தாலும் தொடக்கநிலையில் அதனை வாங்க வேண்டாம்.

இரண்டாவது, பயிற்சி. கத்தியைப் பிடிக்காமல் மரம் சீவக் கற்றவர் எவரும் இலர். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் நம்மையே எழுதச் செய்யும் நூலே நல்ல நூல். பிறர் எழுதுவதை மணிக்கணக்கில் காணொளியில் பார்த்துக்கொண்டிருப்பது கல்வியாகாது.

மூன்றாவது, மூலம். ஒவ்வொரு நிரல் மொழியையும் ஆக்கியோரே அதற்குரிய விளக்க ஏட்டை வெளியிடுகின்றனர். பைத்தான் மொழிக்குரிய பயிற்சிப் பாடம் அதன் சொந்தத் தளத்திலேயே உள்ளது. ஐயம் எழுந்தால் அதனையே இறுதிச் சான்றாகக் கொள்ள வேண்டும்.

கருவிகளுக்கு ஆகும் செலவு

நிரல் எழுதுவோனின் உளி, அவன் எழுதும் செயலியே. ‘விஷுவல் ஸ்டூடியோ கோட்’ என்னும் செயலி 2015 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. எழுதிய நிரலைப் படிப்படியாகச் சேமித்து, பிழை நேர்ந்தால் முன்னைய நிலைக்குத் திரும்ப உதவும் ‘கிட்’ என்பதை லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் ஆக்கினார், அதுவும் இலவசமே. அவரே 1991-இல் தொடங்கிய லினக்ஸின் எளிய வகைகள், பழைய மடிக்கணினியிலும் நன்கு இயங்குவன. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபரில் முடிவுற்றது. புதிய பதிப்பை ஏற்காத கணினிகளைத் தூக்கி எறியாமல் லினக்ஸ் நிறுவிப் பயன்படுத்தலாம்.

கைப்பேசியில் பாடம் படிக்கலாம். ஆயினும் எழுதிப் பழக விசைப்பலகையுள்ள கணினி ஒன்று வேண்டும். ரோச்சோர் நிலையத்தை ஒட்டிய சிம் லிம் சதுக்கத்தில் கணினிக் கடைகள் பல உள்ளன. அங்கே பழைய கணினி வாங்குவோர் இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்டு, இயக்கிப் பார்த்து, உத்தரவாதத்தை எழுத்தில் பெற்று, இரசீதுடன் வாங்குதல் நலம்.

ஓர் எச்சரிக்கை

சில மாதங்களில் வேலை நிச்சயம் என்று கூறிப் பெருந்தொகை கேட்கும் பயிற்சி நிலையங்கள் எவ்வூரிலும் உண்டு. சிங்கப்பூர் அரசு 2015-இல் அறிவித்த ‘ஸ்கில்ஸ்ஃபியூச்சர்’ கற்றல் தொகை, 25 வயது நிறைந்த அந்நாட்டுக் குடிமக்களுக்கு உரியது. வேலைக்குச் சென்றுள்ள நம்மவர் அதனைப் பெற்றுத்தருவதாகக் கூறுவோரை நம்பி முன்பணம் கட்டலாகாது. பெற்றோர் தம் சேமிப்பை எடுத்துக் கட்டணமாகச் செலுத்துமுன், மூன்று மாதங்களேனும் இலவசப் பாடங்களைக் கொண்டு பிள்ளைகளைப் பயிலச் செய்க. அதற்குள் பிள்ளைக்கு இதில் நாட்டம் உண்டா என்பது தெரிந்துவிடும். கட்டணம் கேட்கும் நிலையம் கூடுதலாக என்ன கற்பிக்கிறது என்று கேட்கும் அறிவும் வந்துவிடும்.

இத்தொழிலுக்குரிய சிறந்த நூல்களும் கருவிகளும் பெரும்பாலும் விலையின்றியே கிடைக்கின்றன. நாம் கொடுக்க வேண்டிய விலை நாள்தோறும் ஒரு மணி நேர உழைப்பே. பொழுது புலருமுன் எழுந்து மரம் சீவப் புறப்படும் குடும்பத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு உழைப்பைப் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை. நல்ல நூலை அவர்கள் கையிற் கொடுத்து, மாலையில் ஒரு மணி நேரம் அமைதியாகப் படிக்க வீட்டில் இடம் செய்து கொடுப்போம். அது பெற்றோராகிய நம் கடமை.