கழற்றிப் பூட்டும் பின்னல் ஊசி: முனை இரண்டு சோடி போதும்

இடம்பெயர்ந்தோருக்கென வெளிநாடுகளிலிருந்து வரும் பொதிகளில் பின்னல் நூலும் ஊசியும் கலந்து வருவதுண்டு. அப்படி வந்த பெட்டியொன்றைத் தையல் நிலையத்தில் திறந்தபோது, இரு முனைகளும் நடுவே வளையும் வயருமாக ஒரு பொருள் கிடந்தது. “இது என்ன சுவாமி, கரண்ட் வயரோ?” என்று ஓர் அம்மா கேட்டார். அதுதான் வட்டப் பின்னல் ஊசி. அதில் ஒரு வகை முனையையும் வயரையும் வேறாகக் கழற்றக்கூடியது. இப்பாடம் அந்த வகையைப் பற்றியது.

வெயில் கொளுத்தும் ஊரில் கம்பளிப் பின்னல் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் இதே ஊசியில் பருத்தி நூலாலும் பின்னலாம். குழந்தைத் தொப்பி, தோளில் போடும் பை, பாத்திரம் துடைக்கும் துணி எல்லாம் வரும். இன்னொரு வசதியும் உண்டு. நீண்ட ஊசிகள் பக்கத்தில் இருப்பவரைக் குத்தும். வட்ட ஊசியிலோ வேலையின் பாரம் மடியில் கிடக்கும், கையும் நோகாது. ஒரு சிறு குடிசையில் ஆறு பேர் இருக்கும் வீட்டுக்கு இது சிறிய விடயமல்ல. வட்டமாக மட்டுமன்றி, திருப்பித் திருப்பித் தட்டையாகவும் இதில் பின்னலாம்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மரம், மூங்கில், உலோகம் என்று முழுப் பெட்டிகளாகச் சேர்ப்போர் பலர். அது அவர்களுடைய பொழுதுபோக்கு. எமக்குக் கட்டுப்படியாகாது, தேவையும் இல்லை. விலை கூடியது முனை. வயர் அதைவிட மலிவு. ஒரு வேலையைப் பாதியில் நிறுத்தினால் முனைகளைக் கழற்றி, வயரின் இரு நுனிகளுக்கும் மூடி பூட்டி, கண்ணிகள் விழாமல் அப்படியே வைக்கலாம். அதே முனைகளை இன்னொருவர் தமது வயரில் பூட்டிப் பின்னலாம். ஆகவே ஒரு குழு தொடங்கும்போது 4 மி.மீ. முனையில் ஒரு சோடி, 5 மி.மீ. முனையில் ஒரு சோடி, நான்கைந்து வயர்கள், அவற்றுக்கு மூடிகள் வாங்கினால் போதும். பழகுவோருக்கு மரமோ மூங்கிலோ நல்லது, கண்ணி வழுக்காது. கை வேகமானவர்கள் உலோகத்தை விரும்புவர்.

எல்லாவற்றையும் ஒரே தயாரிப்பில் வாங்க வேண்டும். ஒரு கம்பனியின் திருகு மற்றக் கம்பனியின் முனைக்குப் பெரும்பாலும் பொருந்தாது. ஜெர்மனியின் அடி கிளிக் வகைக்குத் திருகே கிடையாது, அழுத்தித் திருப்பிப் பூட்ட வேண்டும். சியாகூ என்ற தயாரிப்பிலோ 2.75 மி.மீ. முதல் 5 மி.மீ. வரையான முனைகளுக்கு ஓர் அளவுத் திருகு, 5.5 மி.மீ. முதல் மேலே வேறு அளவு. வயரில் எழுதியிருக்கும் நீளத்தையும் கவனியுங்கள். இந்தியாவின் நிற்புரோ வகையில் 60 என்று குறித்த வயரை அளந்தால் ஏறக்குறைய 35 செ.மீ. தான் இருக்கும். முனைகளையும் சேர்த்தே 60 கணக்கிடப்படுகிறது.

பொதியில் வரும் பழைய ஊசிகளில் ஒரு பொறி இருக்கிறது. நாமே அதில் விழுந்தோம். ஒரு சிறுவர் சட்டைக்கு ஒரு கையை ஓர் அம்மாவும் மறு கையை இன்னோர் அம்மாவும் பின்னினார்கள். இரண்டு ஊசிகளிலும் 8 என்றே இருந்தது. முடித்துப் பார்த்தால் ஒரு கை மற்றதைவிட அகலம். பழைய பிரித்தானிய இலக்கத்தில் 8 என்பது 4 மி.மீ., அமெரிக்க இலக்கத்தில் 8 என்பது 5 மி.மீ. பிரித்தானிய இலக்கம் கூடக் கூட ஊசி மெலியும், அமெரிக்க இலக்கம் கூடக் கூடத் தடிக்கும். இரண்டு வார உழைப்பை அவிழ்த்தோம். அவிழ்க்கும்போது ஒருவரும் எம்மை ஏசவில்லை, அதுதான் மனதை வருத்தியது. அதன்பின் தச்சு வேலை செய்யும் ஒருவரிடம் ஒரு பிளாஸ்ரிக் தகட்டில் 3, 4, 5, 6 மி.மீ. துளைகள் போடுவித்தோம். இலக்கத்தை நம்பாமல், ஊசி எந்தத் துளையில் இறுக்கமின்றிச் சரியாக நுழைகிறதோ அதையே அளவாகக் கொள்கிறோம்.

பூட்டும் முறைக்கு வருவோம். வயர் நுனியின் உலோகத்தில் சிறு துளை இருக்கும். கையால் முனையைத் திருகிய பின், பெட்டியோடு வரும் கம்பித் திறப்பை அத்துளையில் செருகிப் பிடித்துக்கொண்டு முனையை இறுக்க வேண்டும். திறப்பில்லாமல் பூட்டினால் நாலு வரிசை போகுமுன் திருகு தளரும், இடைவெளியில் நூல் சிக்கும், கண்ணிகள் கழரும். அந்தத் துளைக்கு இன்னொரு பயனும் உண்டு. அதில் ஒரு மெல்லிய நூலைக் கோர்த்து ஒரு சுற்றுப் பின்னினால், அந்த நூல் எல்லாக் கண்ணிகளுக்கூடாகவும் போய்விடும். பின்னர் எங்கே பிழைத்தாலும் அவ்வரிசை வரை அவிழ்த்தால் போதும்.

ஒரு குழந்தைத் தொப்பியைக் கணக்கிடுவோம். முதலில் சிறு துண்டொன்று பின்னி அளக்கவும். 10 செ.மீ. அகலத்தில் 20 கண்ணி வந்தால் ஒரு சென்ரிமீற்றருக்கு 2 கண்ணி. தலைச் சுற்றளவு 46 செ.மீ. என்றால் தொப்பி இறுகிப் பிடிக்க 4 செ.மீ. குறைத்து 42 செ.மீ. எடுக்கலாம். ஆக 84 கண்ணி. உச்சியில் குறைக்கும்போது 12 கண்ணி வீதம் ஏழு பங்காகப் பிரியும்.

42 செ.மீ. கண்ணிகள் 60 செ.மீ. ஊசியைச் சுற்றி எட்டாது. ஆகவே நீண்ட வயரை, 80 அல்லது 100 அளவை எடுத்து, கண்ணிகளை இரு பாதியாகப் பிரித்து, நடுவால் வயரை வளையமாக வெளியே இழுத்துவிட்டு, ஒரு பாதியைப் பின்னியபின் மறு பாதியைப் பின்ன வேண்டும். முதற் சுற்றை இணைக்குமுன் கண்ணிகளின் அடிவரிசை முழுவதும் உட்புறம் பார்த்திருக்கிறதா என்று ஒருமுறை தடவிப் பாருங்கள். முறுகியபடி இணைத்துவிட்டால் பின்னர் நிமிர்த்த வழியில்லை, முழுவதும் அவிழ்க்கத்தான் வேண்டும்.

புது நைலோன் வயர் சுருண்டு நின்று தொல்லை தந்தால், கொதித்திறக்கிய நீரில் சற்று அமிழ்த்தி, நேராகப் பிடித்து ஆறவிடவும். உலோக நுனியைத் துடைத்து நன்றாக உலர்த்திய பின்பே முனையைப் பூட்டலாம்.