கால் தளர்ந்தாலும் நடையை விட வேண்டாம்

 

சென்ற கோடையில் நமதூர்ப் பெரியவர் ஒருவர் லுஹர் தொழுதுவிட்டு வெளியே வந்து, கொதிக்கும் தரையில் வெறுங்காலோடு செருப்பைத் தேடியிருக்கிறார். பாதம் கொப்புளித்தது அவருக்குத் தெரியவே இல்லை. மறுநாள் உளூச் செய்யும்போது பேரன்தான் பார்த்துச் சொன்னான். நாள்பட்ட சர்க்கரை நோயால் பாதத்தின் உணர்வு மரத்துப்போயிருந்தது. புண் ஆறாமல் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அறக்கட்டளை சார்பில் மருத்துவச் செலவுக்கு உதவினோம். ஆனால், இந்தப் பாடத்தை முன்பே சொல்லாமல் போனோமே என்ற வருத்தம் நமக்கு இருக்கிறது.

புண் ஆறிய பிறகும் அவர் நடக்கப் பயந்து நாற்காலியிலேயே இருந்துவிட்டார். உட்கார்ந்தே இருந்தால் தொடைச் சதை மெலியும். சதை மெலிந்தால் சர்க்கரை ஏறும், கால் இன்னும் தளரும். நடக்கும்போது கால் தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துச் செலவழிக்கின்றன. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பிலும் இது நடக்கிறது. நடையின் பயன் இதுதான்.

வாரத்திற்கு 150 நிமிட நடை என்பது பொதுவாக மருத்துவர்கள் சொல்லும் அளவு. அதைக் கேட்டு மலைக்க வேண்டாம். கால் பலவீனமானவர்கள் இப்படித் தொடங்கலாம்:

1. சுவரை ஒட்டிப் போட்ட, கைப்பிடியுள்ள நாற்காலியில் உட்கார்ந்து மெதுவாக எழுந்து நில்லுங்கள். முதலில் 5 முறை. பழகியபின் 10 முறை.

2. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகால்களை உயர்த்தி இறக்குங்கள், 10 முறை.

3. மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் 5 நிமிடம் நடங்கள். சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரையை இது குறைக்கும். வாரந்தோறும் ஓரிரு நிமிடம் கூட்டுங்கள். பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் அதுவே சரியான வேகம்.

தடுமாற்றம் உள்ளவர்கள் கைத்தடியோடு நடப்பதில் வெட்கம் எதற்கு? வெளியே செல்லாத பெண்கள் வீட்டு முற்றத்திலோ நடையிலோ நடக்கலாம். அரைமணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து உட்காராமல் இருப்பதும் நல்லது.

கவனிக்க வேண்டியவை: இன்சுலின் போடுபவர்களும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும் வெறும் வயிற்றில் நடக்க வேண்டாம். பஜ்ருக்குப் பின் உடனே நடப்பவர்கள் இதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உட்கார்ந்து 3 தேக்கரண்டி சர்க்கரை சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்துச் சர்க்கரை அளவைப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மீண்டும் சாப்பிடுங்கள். ஆகவே சட்டைப் பையில் ஒரு சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். நெஞ்சு வலித்தால் நடையை நிறுத்தி உடனே மருத்துவமனை செல்லுங்கள். நடந்தால் கெண்டைக்கால் வலித்து, நின்றால் வலி போகிறதா? அது இரத்த ஓட்டக் குறைவாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். பாதத்தில் புண் உள்ளவர்கள் அது ஆறும்வரை நடைப்பயிற்சி செய்ய வேண்டாம். உட்கார்ந்து செய்யும் பயிற்சியை மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒரு நாளில் ஐந்து வேளை கால் கழுவும் நமக்கு அல்லாஹ் பெரிய வாய்ப்பைத் தந்திருக்கிறான். விரல் இடுக்குகளைக் கோதிக் கழுவும்போதே கொப்புளம், வெடிப்பு, நிறமாற்றம் உண்டா என்று பாருங்கள். பார்வை மங்கியவர்களுக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லுங்கள். கழுவியபின் இடுக்குகளில் ஈரம் போகத் துடையுங்கள். வெந்நீரின் சூட்டை மரத்த காலால் அறிய முடியாது, முழங்கையால் பாருங்கள். வீட்டுக்குள்ளும் செருப்பு அணியுங்கள். போடும் முன் உள்ளே கல், முள் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பள்ளிவாசல் வாசலில் வெயில் நேரத்தில் பெரியவர்களின் செருப்பை இளைஞர்கள் எடுத்துக் கொடுத்தால் அதுவும் ஒரு ஸதகாதான்.

நோயாளி உட்கார்ந்து தொழ மார்க்கம் அனுமதிக்கிறது. அந்தச் சலுகையைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனாலும், மருத்துவரின் அனுமதியோடு நாற்காலியில் எழுந்து உட்காரத் தொடங்கிய அந்தப் பெரியவர், அல்ஹம்துலில்லாஹ், இப்போது பஜ்ரின் இரண்டு ரக்அத்தையும் நின்று தொழுகிறார். “மறுபடி நிற்பேன் என்று நினைக்கவில்லை தம்பி” என்று அவர் சொன்னபோது நமக்குக் கண் கலங்கியது.

இன்று மஃரிபுக்குப் பிறகு உங்கள் வாப்பாவை, உம்மாவைக் கைபிடித்து 5 நிமிடம் நடக்க வையுங்கள். நம் அனைவருக்கும் அல்லாஹ் ஆஃபியத்தைத் தருவானாக! ஆமீன்.