30 ஆம்பியர் ஃபியூஸில் 2000 வாட்ஸ் வராது

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நாள் முழுக்க வெர்னியரும் மல்டிமீட்டரும் பிடிப்பவர்கள் உண்டு. அளவு ஒரு நூல் பிசகினாலும் பீஸை ஒதுக்கி வைக்கிறவர்கள். அவர்களே லீவு நாளில் சென்னை ரிச்சி தெருவுக்கோ ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கோ போய்க் காருக்கு ஆம்ப்ளிஃபயர் கேட்கும்போது, அட்டைப்பெட்டியில் ‘2000 வாட்ஸ்’ என்று போட்டிருந்தால் மறுகேள்வி கேட்பதில்லை. அந்தக் கேள்வியில் ஆரம்பிப்போம்.

நம்பிக்கை: பெட்டியில் உள்ள வாட்ஸ்தான் ஆம்ப்ளிஃபயரின் பலம்.

பி.எம்.பி.ஓ. என்ற பெயரில் அச்சாகும் எண்ணுக்கு எந்த அளவுமுறையும் கிடையாது. விற்பவருக்குத் தோன்றியதுதான் கணக்கு. ‘மேக்ஸ்’ என்று போட்டிருந்தாலும் பெரிதாக நம்பிவிட வேண்டாம். தொடர்ந்து தரக்கூடிய ஆர்.எம்.எஸ். வாட்ஸ் மட்டும்தான் நமக்கு உதவும். அதைக் கடைக்காரர் சொல்லாவிட்டாலும் ஆம்ப்பே சொல்லிவிடும். பக்கவாட்டில் திருப்பி ஃபியூஸைப் பாருங்கள். 30 ஆம்பியர் என்றால், ஓடும் காரின் 14 வோல்ட்டில் அது உள்ளே இழுப்பது 420 வாட்ஸ். அதில் கிளாஸ் டி வகை சுமார் 80 சதவீதத்தைப் பாட்டாக்கும், பழைய கிளாஸ் ஏபி சுமார் 60 சதவீதத்தை. மிச்சமெல்லாம் சூடு. ஆக 330 வாட்ஸோ 250 வாட்ஸோ கையில் நிற்கும். உண்மையாகவே 2000 வாட்ஸ் வேண்டுமானால் ஏறக்குறைய 180 ஆம்பியர் இழுக்க வேண்டும். சின்னக் காரின் ஆல்டர்னேட்டர் ஹெட்லைட், ஏசி எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தருவதே பெரும்பாலும் 100 ஆம்பியருக்குள்தான்.

டேஷ்போர்டு செட்டில் ‘50 வாட்ஸ் x 4’ என்று எழுதியிருப்பதும் இதே கதைதான். 14.4 வோல்ட்டை வைத்துக்கொண்டு 4 ஓம் ஸ்பீக்கருக்குள் பிசிறில்லாமல் 26 வாட்ஸுக்கு மேல் தள்ள முடியாது, அதுவும் காகிதக் கணக்கில். நடைமுறையில் 20ஐ ஒட்டி நிற்கும். தனி ஆம்ப்ளிஃபயர் ஏன் தேவைப்படுகிறது என்றால் அதற்குள் வோல்டேஜை ஏற்றித் தரும் பகுதி தனியாக இருக்கிறது. சி.டி.ஏ.-2006 என்ற அமெரிக்க அளவுமுறையின் பெயர் பெட்டியில் இருந்தால், 14.4 வோல்ட், 4 ஓம், 1 சதவீதத்துக்கு மிகாத பிசிறு என்ற நிபந்தனையில் அளந்த எண் என்று அர்த்தம். ஒரு பெட்டியை இன்னொன்றோடு ஒப்பிட அது போதும்.

நம்பிக்கை: வாட்ஸை இரட்டித்தால் சத்தம் இரட்டிக்கும்.

வாட்ஸை இரட்டித்தால் கிடைப்பது 3 டெசிபல். காதுக்கு ‘கொஞ்சம் கூடியிருக்கிறது’ என்று தெரியும், அவ்வளவுதான். இரண்டு மடங்காகக் கேட்க ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். அதனால் ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டியை, அதாவது கொடுத்த சக்திக்கு அது எத்தனை டெசிபல் சத்தம் தரும் என்பதைக் கேட்டு வாங்குங்கள். 87 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 90 டெசிபல் ஸ்பீக்கரை எடுத்தால், ஆம்ப்பை மாற்றாமலேயே வாட்ஸ் இரட்டித்த பலன். இதிலும் ஒரு தந்திரம் நடக்கிறது. சிலர் 1 வாட்டில் அளந்து எழுதுவார்கள், சிலர் 2.83 வோல்ட்டில் அளப்பார்கள். 4 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்பது 2 வாட்ஸ். அந்த எண்ணிலிருந்து 3ஐக் கழித்துவிட்டு ஒப்பிட வேண்டும்.

நம்பிக்கை: சின்ன ஆம்ப் போட்டால் ஸ்பீக்கர் எரிந்துவிடும்.

குறைந்த வாட்ஸ் எந்த ஸ்பீக்கரையும் எரிப்பதில்லை. ராத்திரி மெதுவாகப் பாட்டு கேட்கும்போது போவது ஒன்றிரண்டு வாட்ஸ்தானே? எரிப்பது நம் கை. ஆம்ப்பால் முடியாத இடத்துக்கு வால்யூமைத் திருகினால் அலையின் தலை தட்டையாக வெட்டுப்பட்டு, அதன் சராசரி சக்தி ஏறி, முதலில் ட்வீட்டர் போகும். ஆம்ப்பில் இருக்கும் ‘கெயின்’ என்ற திருகு வால்யூம் அல்ல. செட்டும் ஆம்ப்பும் ஒத்துப்போகும் இடத்தில் ஒருமுறை வைத்துவிட்டு, அதை மறந்துவிட வேண்டும்.

நம்பிக்கை: பேஸ் வரவில்லையா, சப்வூஃபர் போடு.

எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் ஆலோசனை இதுதான். கதவில் இருக்கும் ஆறரை அங்குல ஸ்பீக்கர் முன்பக்கம் தள்ளும் காற்றை, பின்பக்கத்திலிருந்து தலைகீழாக வரும் அலை தின்றுவிடுகிறது. கதவின் உள்தகட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள் இருக்கும். அவற்றின் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் மட்டும். அந்த ஓட்டைகளை அடைத்து, தகட்டில் டேம்பிங் ஷீட் ஒட்டினால், அதே ஸ்பீக்கரில் அதுவரை கேட்காத தவில் கேட்கும். மலிவான தார் ஷீட் வேண்டாம்; சித்திரை வெயிலில் உருகி நாறும். அலுமினியத் தாள் ஒட்டிய ப்யூட்டைல் ரப்பர் ஷீட் தாங்கும். கதவின் அடியில் மழைநீர் வடியும் துளைகளை மட்டும் தொடக் கூடாது. தொட்டால் ஐப்பசி மழைத் தண்ணீர் உள்ளேயே தேங்கி, கதவு துருப்பிடிக்கும். எண்ணூர், பழவேற்காடு பக்கம் உப்புக்காற்று வேறு.

பின்சீட்டுக்கு மேல் ஓவல் ஸ்பீக்கர் வைத்து முதுகில் பாட்டு கேட்கும் பழக்கத்தையும் விடலாம். பணம் முன்கதவுக்குத்தான் முதலில். அதன் பிறகும் பேஸ் போதவில்லையென்றால், நான்கு சேனல் ஆம்ப் ஒன்று: முன் இரண்டு சேனல் கதவுகளுக்கு, பின் இரண்டையும் பிரிட்ஜ் செய்து, அதாவது ஒரே சேனலாகச் சேர்த்து, 10 அங்குல சப்வூஃபர் ஒன்றுக்கு. பிரிட்ஜ் செய்தால் சப்வூஃபர் 4 ஓமுக்குக் குறையக் கூடாது. இரண்டு 4 ஓம் ஸ்பீக்கரை இணையாகக் கட்டினால் 2 ஓம் ஆகிவிடும். ‘சத்தம் கூடுதல்’ என்று மெக்கானிக் சந்தோஷப்படுவார், ஆம்ப் கொதிக்கும்.

நம்பிக்கை: ஹெட்லைட் மினுக்கினால் கெப்பாசிட்டர் போடு.

1 ஃபாரட் கெப்பாசிட்டர் 14.4 வோல்ட்டிலிருந்து 12.5க்கு இறங்குவதற்குள் தருவது சுமார் 25 ஜூல். 500 வாட்ஸ் இழுக்கும் ஆம்ப்புக்கு அது ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம். அந்தக் காசுக்குத் தடிமனான செம்பு ஒயர் வாங்கலாம், எர்த்தைப் பெயின்ட் சுரண்டித் தகட்டில் பிடிக்கலாம். செம்புப் பூச்சுக்குள் அலுமினியம் இருக்கும் ஒயரின் தடை ஒன்றரை மடங்குக்கும் மேல். விலையைப் பார்த்தே சந்தேகப்படலாம். ஒயர் எதுவானாலும் பேட்டரியிலிருந்து ஓர் அடி, ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் வேண்டும். ஆம்ப்பில் இருக்கும் ஃபியூஸ் ஆம்ப்புக்கு. இது கார் தீப்பிடிக்காமலிருக்க.

நம்பிக்கை: லாரியில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் லைன் எடுத்தால் 12 வோல்ட் கிடைக்கும்.

கொல்கத்தா சாலையில் சிப்காட் வாசலில் லோடுக்குக் காத்து நிற்கும் லாரிகளுக்கான விஷயம் இது. பெரிய லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராகச் சேர்ந்து 24 வோல்ட். கார் செட்டை நேராகக் கொடுத்தால் போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் நடுவிலிருந்து லைன் எடுக்கிறார்கள். பாட்டு என்னவோ வரும். ஆனால் ஆல்டர்னேட்டர் இரண்டையும் ஒன்றாகவே சார்ஜ் செய்கிறது. ஒன்று மட்டும் தினமும் இறங்கினால் அது நிறையாமலே இருக்கும், மற்றது அளவுக்கு மேல் ஏறித் தண்ணீர் வற்றும். சில மாதங்களில் இரண்டுமே போகும். 24ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் வாங்குவதே வழி. அதிலும் வாட்ஸைப் பார்த்து ஏமாறாமல், தொடர்ந்து எத்தனை ஆம்பியர் தரும் என்று கேளுங்கள். ஆம்ப்பின் ஃபியூஸைவிட அது குறைவாக இருந்தால் வேறு காட்டச் சொல்லலாம்.